பழுப்புக் கண்ணி

பூவைப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். பூவைச் சரிபார்ப்பவர்கள் இன்னொரு ரகம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் குளிர்கால மழை நன்றாகப் பெய்த வருஷங்களில், மார்ச் மாதம் இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் எங்கும் காணலாம். கழுத்தில் பூதக்கண்ணாடி, சட்டையெல்லாம் மணல், வெயில் தின்ற தொப்பி; நீங்கள் ஆகா என்று வாயைத் திறப்பதற்குள், எது ஆகா, பெயரைச் சொல்லுங்கள் என்று அதை அடைத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்க்காரர் ஆர்வில் இந்த ரகத்துக்கே ராஜா.

மண்ணில் ஈரம் காய்வதற்குள் முளைத்து, பூத்து, விதை சிந்திச் செத்துப்போகும் குட்டிச் செடிகள் என்றால் அவருக்கு உயிர். அவற்றை நின்றுகொண்டு பார்ப்பது அவருக்கு அவமரியாதை. குப்புறப் படுத்துத்தான் தரிசனம். ஊரிலும் அவற்றுக்கு வயிற்றுப் பூ என்றே பெயர். அதிலும் பழுப்புக் கண்ணி என்று ஒன்று. நான்கு வெள்ளை இதழ், நடுவே பழுப்புப் பொட்டு, பொழுது சாயும்போதுதான் கண் திறக்கும். அதன் சொந்தக்காரப் பெரிய அந்திமலர்களுக்குப் பூ நடுவே நீண்டு நிற்கும் சூல்முடி நான்காகப் பிளந்திருக்கும்; இதற்கு உருண்டை. அந்த உருண்டைக்காக ஒரு கல்யாண விருந்தில் மாப்பிள்ளையோடேயே சண்டை போட்டவர் ஆர்வில்.

அவர் பின்னால் மூன்று வசந்தமாக நடந்தவர் நாடீன். புருஷனை இழந்தவர். பூ திறக்கும் நேரத்தில் தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்கப்போவதாக ஆர்வில் பேக்கரியில் உளறியிருந்ததால், ஊருக்கே தெரியும். நாடீனுக்கும் தெரியும். தெரிந்துதான் அன்று சாயங்காலம் புதுச் சால்வை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வழியெல்லாம், செடியை மிதிக்காதே என்று அவரை அதட்டிக்கொண்டே வந்த ஆர்வில், ஓடைமணலை அடைந்ததும் தொப்பென்று குப்புற விழுந்தார். வெயில் மலைக்குப் பின்னால் போனது. மொட்டுகள் ஒவ்வொன்றாக இதழ் விரித்தன. நாடீனின் நெஞ்சு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணினுடையதைப் போல அடித்துக்கொண்டது. இதோ, இப்போது கேட்பார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு நாடீன், வெளிச்சத்தை மறைக்கிற," என்றார் ஆர்வில்.

நாடீன் தள்ளி நின்றார். எவ்வளவு நேரம்தான் நிற்பது?

"ஆர்வில், வேற ஏதோ கேக்கணும்னு சொன்னியாமே?"

"இரு, இரு. உருண்டைதானான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். என் கண்ணு என்ன நிறம்?"

"பழுப்பு," என்றார் ஆர்வில், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நாடீனின் கண்கள் சாம்பல் கலந்த நீலம். அவை அந்த நேரத்தில் நிறைந்திருந்தன என்பதைக் கவனிக்க அங்கே ஒரு பூச்சியைத் தவிர யாருமில்லை. கொஞ்ச தூரம் போய் அவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்திரிக்கும்போது பாத்து எந்திரி. உன் வயித்துக்கடியில ஆறேழு செடி நசுங்கிக் கெடக்கு."

பிறகு அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆர்வில் அப்போதுதான், ஆமாம் உருண்டைதான் என்று வெற்றியோடு அறிவித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் என்ன நிறம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். நிமிர்ந்து பார்க்காமல்.