கடற்படை குனிந்தது

வளைகுடாவில், முவைலா தொழிலாளர் கேம்ப்பில், எபின் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தங்கை லீமாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. அண்ணன் போகாவிட்டால் ஊர் வாயை யார் மூடுவது? ஞாயிற்றுக்கிழமை விமானம். லீவு பேப்பரோ இன்னும் ஹார்லன் சாரின் மேசையில்.

ஹார்லன் சார் கம்பெனியின் சேஃப்டி மேனேஜர். அமெரிக்கக் கடற்படையில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருப்பார். அவர் அலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆபீஸில் அத்தனை பேருடைய டீயும் ஆறிப்போகும்.

"சார்ட்ட பேசிட்டேன் மாப்ள," என்றார் மீராசா, பருப்பை ஓரமாக ஒதுக்கியபடி. சாரின் டிரைவர் அவர், எபினின் ரூம்காரர். எபினுக்கு இங்கிலீஷ் தகராறு என்பதால் தூது போவதும் அவர்தான். "நீ கடக்கரைக்காரன்னு சொன்னதும் குஷியாயிட்டாரு. வெள்ளிக்கிழமை ஒன்கூட மீன் புடிக்கப் போகணுமாம். அப்புறந்தான் கையெழுத்தாம்."

எபின் கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. அந்த மானக்கேடு தாங்காமல்தான் ஏசி மெக்கானிக் வேலை படித்து, விமானத்தில் கடல் தாண்டி வந்திருந்தான்.

"காத்து மோசம்னு சொல்லும் பாய்."

மறுநாள் மீராசா பதிலோடு வந்தார். "காத்தடிச்சாத்தான் கடலுங்கிறாரு. கரையோரமா போறதா இருந்தவரு, இப்ப ஆழத்துக்கே போகணுங்கிறாரு."

"போட்டு கெடைக்கல்லன்னு சொல்லும்."

"அஜ்மான்ல நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காருல்ல? முழுநாளைக்கும் தர்றேன்னுட்டாரு."

வியாழக்கிழமை எபின் போர்வைக்குள் படுத்துக்கொண்டான். "எனக்குக் காய்ச்சலு பாய்."

"சொன்னேன். காய்ச்சக்காரன் எதுக்கு ஊருக்குப் போறான், லீவை ரத்து பண்ணிருவோமான்னு கேக்குறாரு."

காய்ச்சல் அந்த நிமிடமே இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அஜ்மான் கரையில் ஹார்லன் சார் விறைப்பாக நின்றார். கண் அலையை விட்டு நகரவில்லை. பழைய போர்களை நினைக்கிறார் போலும் என்று எபின் மரியாதையாகத் தள்ளி நின்றான்.

மூவரும் ஏறி, படகு கிளம்பி அரைமணி ஆகியிருக்காது. எபின் இந்தப் பக்கம் குனிந்தான். நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பக்கம் அமெரிக்கக் கடற்படை குனிந்திருந்தது.

"சார்... நேவி? ஷிப்?" என்றான், தன் மொத்த இங்கிலீஷையும் திரட்டி.

சார் தலையை ஆட்டி மறுத்தார். "நோ ஷிப். ஸ்டோர். யூனிஃபார்ம்." இருபத்திரண்டு வருடமும் தரையில் உடுப்பு எடுத்துக் கொடுத்தவர். வாயைத் துடைத்துக்கொண்டு எபினின் தோளைத் தட்டினார். "எபின்... ஃபிஷிங், யுவர் விஷ். யூ ஹேப்பி?"

தன்னை ஏன் கேட்கிறார் என்று எபினுக்குப் புரியவில்லை. வாந்திக்கு நடுவே, மரியாதைக்காகத் தலையாட்டி வைத்தான்.

மீராசா மட்டும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து ஐந்தாவது மீனை இழுத்து வாளியில் போட்டார். கையைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாளை எடுத்து நீட்டினார்.

"இந்தா ஒன் லீவு பேப்பரு. சாரு திங்கக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாரு மாப்ள. மூணு மாசமா கேம்ப்ல பருப்பு, அதான் நான் வச்சிருந்தேன்."