பெண் பார்க்கப் போன இடத்தில் லிங்க் ஆகவில்லை

பெண் பார்க்கப் போகும்போது கைபேசியை அணைத்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் இல்லாவிட்டால் ஒரகடம் தொழிற்பேட்டையே நின்றுவிடும் என்ற நினைப்பில் இருந்த காலம் அது. (நின்றதில்லை. நான் டைஃபாய்டில் கிடந்தபோது உற்பத்தி கொஞ்சம் கூடவே செய்தது.)

பிரேக் பாகங்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு ரஸ்ட் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியிருந்தேன். சென்சாரோடு பேச, சி என்ற பழைய மொழியில் எழுதிய கோப்பு ஒன்றை அது கூப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒட்டுகிற வேலை லிங்க்கர் என்ற மென்பொருளுடையது. அன்று காலை அந்த சி கோப்பின் புதுப் பதிப்பு வந்தது. போட்டுப் பார்த்தால், "நீ கூப்பிடும் ஆள் இங்கே இல்லை" என்று லிங்க்கர் அடம்பிடித்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, அம்மாவுடன் சேரப்பணஞ்சேரிக்குக் கிளம்பினேன்.

"இந்த எடத்தையும் கெடுத்துடாதடா" என்றாள் அம்மா. ஏற்கெனவே தட்டிப்போன இடங்களால் நொந்திருந்தாள்.

பெண் கோகிலா. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். போட்டோவில் பார்த்ததிலிருந்தே எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேசரித் தட்டு கைக்கு வந்த நேரம், கூட வேலை செய்யும் தினேஷ் அழைத்தான். மரியாதையாக எழுந்து கொல்லைப்புறம் போய், கத்தினேன்.

"பழசு இன்னும் உள்ளயே கீதுடா! புதுசைக் கூப்ட்டா பழசு முன்னாடி வந்து நிக்குது."

(ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். லிங்க்கர் பழையதை முதலில் பார்த்து அதோடு நின்றுவிட்டது. கண்டுபிடித்த கர்வத்தில் எனக்குச் சத்தம் கூடிப்போனது.)

அடுப்படி ஜன்னலுக்குள் பேச்சு நின்றது. பஜ்ஜி முடிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு தினேஷிடம் தொடர்ந்தேன்.

"ஒரேடியா தொரத்திடாத, நைட் ஷிஃப்டுக்கு அதான் வேணும். இப்போதைக்கு வேற எடத்துல மறைச்சு வை. லிங்க் புதுசோட ஆவட்டும்." (நைட் ஷிஃப்ட் இயந்திரம் இன்னும் பழைய கோப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.)

உள்ளே வந்தால் கேசரித் தட்டைக் காணோம். கோகிலாவின் அப்பா கேட்டார்: "யாரு தம்பி அந்தப் பழசு?"

"சீ" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நிலைமையைச் சரிசெய்ய, "ரொம்ப நாள் பழக்கங்க. அது இல்லாம எனக்கு ஓடாது" என்று விளக்கினேன். அவர் செருப்பு கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே கிளம்புவதற்காக இருக்காது.

கோகிலா வந்து என் கைபேசியை வாங்கி, தினேஷைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிஞ்சிச்சுண்ணா! பழசைத் தூக்கி வேற ஃபோல்டர்ல போட்டேன். புதுசு கப்புனு ஒட்டிக்கிச்சு. எர்ரரே இல்ல!"

"ஃபோல்டரா? அது எந்த ஊர்ல கீது?" என்றார் அப்பா.

கோகிலா சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு இருந்த நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. பிறகு அவளே அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். கேசரி திரும்பி வந்தது, ஆறிப்போய்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விளக்கம் மட்டும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கோகிலாவின் பெரியத்தை அவளைத் தனியே இழுத்துப்போய், "அந்தப் பழசு இன்னும் கீதாடி?" என்று கேட்பாள்.

என் மனைவி பெருமூச்சு விட்டு, எனக்குக் கேட்கும்படியே பதில் சொல்வாள்.

"கீது அத்தை. நைட் ஷிஃப்டுல."