இது சோதனை, பதற்றப்பட வேண்டாம்

கல்குடா,
20.09.2009.

அன்புள்ள தம்பி மகன் ஜசிந்தனுக்கு,

பெரியப்பா ஜெயராஜா எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் நானும் பெரியம்மா மார்கிறட்டும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இன்று காலைதான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் இருக்க மாதாவை வேண்டுகிறோம். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நீ நினைப்பாய். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மனுசன், இப்போது வீட்டில் போன் அடித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். அதனால்தான் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

உன் கம்பனி செய்த கடல் எச்சரிக்கைப் பெட்டி நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. கடலில் ஏதும் என்றால் இணையம் வழியாக ஒரே நேரத்தில் கரையோரத்து அறுபது வீட்டுக்கும் மணி அடிக்கும் என்றாய். அது ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்கிற மென்பொருளை ஒரு சிடியில் போட்டு அனுப்பி, "பெரியப்பா, உங்களுக்குத் தெரியாத போனா" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டாய். சிடியைப் போட்டதும் பாவனையாளர் பெயர் கேட்டது. மரியாதையாகத் திரு. சவிரிமுத்து ஜெயராஜா, ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் என்று எழுதினேன், ஏற்கவில்லை. திருவை எடுத்தேன், தகப்பன் பெயரை எடுத்தேன், உத்தியோகத்தையும் எடுத்தேன். கடைசியில் வெறும் ராஜாவாகத்தான் உள்ளே விட்டது. பிறகு கடவுச்சொல் கேட்டது. நான் எழுத எழுத எல்லாவற்றையும் கறுப்புப் புள்ளியாக்கியது. யுத்தம் முடிந்து நாலு மாதமாகியும் இன்னும் தணிக்கையா என்று நினைத்து மூன்று தரம் அழித்து எழுதினேன்.

முதற்பாடம் எதிரொலிச் சோதனை என்று நீ எழுதி வைத்திருந்தாய். எதிரொலி என்றால் என்னவென்று எழுதவில்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு இலக்கத்தை அழுத்தி, "ஹலோ, ஆரு பேசுற?" என்றேன். அங்கேயும் ஒருவர், "ஹலோ, ஆரு பேசுற?" என்றார். "நான்தானே கேட்டன், நீங்க முதல்ல சொல்லுங்க" என்றேன். அவரும் அதையே சொன்னார். பத்து நிமிடம் போனது. குரலிலும் ஒரு திமிர் இருந்தது, எங்கோ கேட்ட திமிர். கடைசியில் மார்கிறட் அடுப்படியிலிருந்து வந்து, "இஞ்சேருங்க, உங்களோடயே நீங்க சண்டை பிடிக்கிறயள். முப்பது வருசமா நான் கேக்கிற குரலுகா அது" என்றாள். அன்றுதான் அவள் பாடு எனக்கு விளங்கியது.

இரண்டாம் பாடத்தில் திரையில் "தொலைந்த பொதிகள் நான்கு வீதம்" என்று வந்தது. தபாலில் நூற்றுக்கு நாலு தொலைந்தால் அந்தக் காலத்தில் விசாரணை வைப்பார்கள். நீயோ பேச்சைத் துண்டு துண்டாகப் பொதி கட்டி அனுப்புவதால் வழியில் ஒன்றிரண்டு விழுந்துபோவது வழமை, நாலு வீதம் பெரிய காரியமில்லை என்றாய். மகனே, எல்லா வினையும் அந்த நாலு வீதத்தில்தான் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாவது பெரிய சோதனை. மாவட்டச் செயலகத்திலிருந்து அப்துல் கபூர் என்ற அதிகாரி கையில் மணிக்கூட்டோடு வந்து வாசிகசாலையில் என் பக்கத்தில் இருந்தார். அறுபது வீட்டுக்கும் போகவேண்டிய அறிவிப்பை நான்தான் பதிவு செய்திருந்தேன், என் குரல் தெளிவு என்று எல்லாரும் சொல்வதால். "இது சோதனை. பதற்றப்பட வேண்டாம். உண்மையான ஆபத்தின்போது மட்டும் பாடசாலை மைதானத்துக்கு வரவும்." இதைவிடத் தெளிவாக எவன் எழுதுவான்? நான் பொத்தானை அழுத்தினேன். தொலைந்த நாலு வீதம் எதுவென்று நினைக்கிறாய்? சனத்துக்குக் கேட்டது இவ்வளவுதான்: "இது சோதனை. பதற்றப்பட வேண்டாம். பாடசாலை மைதானத்துக்கு வரவும்."

எத்தனை வருடம் எங்கள் சனம் ஆமியின் சுற்றிவளைப்புகளில் இதே வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறது. சனம் போவதைக் கண்டு நானும் அப்துல் கபூரும் மைதானத்துக்கு ஓடியபோது கரையோரம் முழுவதும் அங்கே நின்றது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, ஒவ்வொரு கையிலும் அடையாள அட்டை. வரிசையாக நிற்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, தாங்களாகவே நின்றார்கள். சந்தியில் காவல் நின்ற இரண்டு ஆமிக்காரப் பொடியன்களும் மேலிடத்து உத்தரவாக்கும் என்று நினைத்து வந்து அட்டைகளை வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பழுகாமத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த கந்தப்போடியும் வரிசையில் நின்றார். "தம்பி, நான் இந்த ஊரில்ல. அட்டையும் அங்க கிடக்கு. எனக்கு வேற வரிசையா?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையில் கை வைத்துத் தலையை ஆட்டினேன். முன்வரிசையில் நின்ற இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஆமி கொண்டுவரும், முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் உன்னைப் பார்த்துத் தலையாட்டினால் பிறகு உன்னை வீட்டில் காணமுடியாது. அதை நான் மறந்துபோனேன், அவர்கள் மறக்கவில்லை. இதுவரை சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன், ஆனால் அந்த நேரம் எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மார்கிறட் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறாள். அவளுக்குச் சீனி வருத்தம், உனக்குத் தெரியும். ஒளித்து வைத்த இனிப்புத் தொதலை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரம் போன் அடித்திருக்கிறது. எடுத்தால் ஒரு ஆண்குரல், "இது சோதனை" என்கிறது. தினமும் செபத்தில் சோதனையில் விழவிடாதேயும் என்று கேட்கிற மனுசி அல்லவா. "அப்பிடியே தொதல வச்சிட்டன். மைதானத்துக்கும் வரச் சொன்னாரு, அங்க என்னத்துக்கெண்டுதான் விளங்கல்ல" என்றாள். அது என் குரல் என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடம் கேட்ட குரலைத் தொதலோடு நிற்கும்போது அவளுக்குத் தெரியவில்லை, அதையும் நான் சொல்லிக்காட்டவில்லை.

ஆனால் மென்பொருள் கடைசியில் ஒரு அறிக்கை தந்தது பார். அழைப்பு அறுபது, வெற்றி ஐம்பத்தொன்பது, தோல்வி ஒன்று. பட்டியலில் முதலாவது இலக்கமே பதில் தரவில்லையாம். அப்துல் கபூர் நல்ல மனுசன், இருந்தும் சட்டம் பேசினார். "ஜெயராஜா அண்ணன், ஒரு வீடெண்டாலும் தப்பக் கூடா. வாற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திருப்பி அடிப்பம். அறுபதும் விழுந்தாத்தான் கையெழுத்து. இல்லாட்டி பெட்டி வேற மாவட்டத்துக்குப் போயிடும்" என்றார். அறுபதில் ஒன்றைக் கோட்டைவிடுகிற மென்பொருளை எவனும் விற்பானா, ஜசிந்தன்? அந்த ஒரு வீட்டுச் சனத்துக்கு நீ என்ன பதில் சொல்வாய்? தலைமை எஞ்சினியரிடம் நான் சொன்னதாகச் சொல்லு. அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டியையும் சிடியையும் புதன்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். இனி இந்த வேலைக்கு என்னைக் கேட்காதே. ஊரில் என்னைக் கண்டால் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

பெரியம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், தொதலை உனக்கே அனுப்புகிறாளாம். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நல்ல இடத்தில் ஒரு கலியாணத்தையும் கூட்டித் தருவாராக.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
ச. ஜெயராஜா.

பி.கு.: கடிதத்தை ஒட்டியபிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உன் மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. தலைமை எஞ்சினியரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். பட்டியல் எழுத உட்கார்ந்தபோது என் கை முதலில் எழுதியது உன் அப்பாவின் இலக்கத்தை. அந்த வீட்டில் இப்போது அத்திவாரம் மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி இருபத்தாறு காலையில் அவன் வீட்டில் பத்து நிமிடம் முந்தி ஒரு மணி அடித்திருந்தால் என்று ஐந்து வருடமாக நினைக்கிறேன். பட்டியல் தொடங்குவதென்றால் அவனிடமிருந்துதான் தொடங்கவேண்டும் என்று பட்டது. அதை வெட்டிவிட்டால் சோதனை முழு வெற்றி என்று தெரியும். மூன்று தரம் பேனையை எடுத்தேன், வெட்ட மனம் வரவில்லை.

இந்தப் போனுக்கு ஊர் கிடையாது, எந்த இலக்கத்தையும் எந்தக் கணினியிலும் வைக்கலாம் என்று நீதான் சொன்னாய். அந்த இலக்கத்தை எடுத்து உன் மேசையில் வை. பெட்டியை நான் அனுப்பவில்லை. அறிவிப்பை ஒத்திகை என்று மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உன் அப்பாவின் போன் அடிக்கும். எடுத்து, "ஓம், பெரியப்பா" என்று சொல்லு.