கட்டி உள்ளவர்கள் வரவும்

ஆசிரியர் குடியிருப்பு,
தோட்டத் தமிழ்ப்பள்ளி,
லிங்கி.

மரியாதைக்குரிய தங்கராஜு அண்ணனுக்கு,

தங்கை ரோகினி எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குடும்பக் குழுவில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன். புனிதாவை அறுவைச் சிகிச்சைத் துறையை விட்டுவிடச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படம் பார்க்கிற துறையில் சேரட்டும். படம் யாரையும் வேண்டாம் என்று சொல்லாது.

உங்கள் மகள் பயிற்சிக்காக இந்தப் பக்கத்து மருத்துவமனைக்கு வந்து, என் வீட்டில் தங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அவள் செய்ததெல்லாம் திறந்த வயிறு மூடிக்கொள்ளாமல் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். கத்தி அவள் கைக்கு வரும் நேரத்தில் பெரிய டாக்டர், "இன்னிக்கு நேரமாச்சு, அடுத்த தடவை" என்று வாங்கிக்கொள்கிறாராம். தன் கையால் செய்தவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவள் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் பயிற்சி முடிகிறது. அதற்குள் ஒன்றாவது செய்யாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். அதுவரை கை பழகட்டும் என்று லுக்குட் டவுன் கடையில் கோழிக்கால் வாங்கிவந்து, வெட்டித் தைத்து, பிரித்து, மறுபடி தைப்பாள். போன வாரம் குழம்பில் கறுப்பு நூல் கிடந்தது. நான் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

சமையலுக்கு உதவ வரும் செல்லம்மா அப்படி இருக்கவில்லை. "டீச்சர், இந்தப் புள்ள கோழியவே தச்சிக்கிட்டுக் கெடந்தா எப்ப மனுசனத் தைக்கும்?" என்று கேட்டதோடு நிற்காமல், கோயில் தலைவர் நல்லசாமியிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார்: "பக்தர்கள் கவனத்துக்கு. நம்ம டீச்சரோட அண்ணன் மக, டாக்டர் புனிதாவுக்குக் கை பழக ஆள் தேவைப்படுது. கட்டி உள்ளவங்க ஞாயித்துக்கிழம காலையில டீச்சர் வீட்டுக்கு வரவும். வாசல்ல நிக்கிற நீல மோட்டார் சைக்கிள யாராவது எடுங்கலா, பால் குடம் உள்ள வர முடியல."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்துவிட்டார்கள் அண்ணா, ஒருவர் சட்டையைக் கழற்றி, ஒருவர் கால்சட்டையைச் சுருட்டி, நல்லசாமி கட்டி உள்ள கழுத்தை நீட்டிக்கொண்டு. வீட்டில் வைத்து அறுக்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும் என்று புனிதா ஒவ்வொருவருக்கும் விளக்க, நான் ஏழு பேருக்கும் தேநீர் போட, செல்லம்மா என் தோளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சீனி எடுத்துவரச் சொன்னேன். ஏழு பேருக்கும் தேதி கிடைத்தது. பிறகு ஒருவருக்கு ராசா ஊரில் கல்யாணம், ஒருவருக்குத் தோட்டத்தில் லீவு இல்லை, ஒருவருக்குக் கட்டியே கரைந்துவிட்டதாம். நல்லசாமி மட்டும் போனார். அறுவை அறை வாசலில் நின்று, "பெரிய டாக்டர் இல்லயாம்மா?" என்றாராம்.

"இருக்காருங்க ஐயா. அவர் பக்கத்துல நிப்பாரு, நான் செய்வேன்."

"நீ செய்யும்மா, தாராளமாச் செய்யி. நான் வேணாங்கல. என் கழுத்துல மட்டும் அவரு செய்யட்டும்லா."

அவரே செய்தார். உங்கள் மகள் பஞ்சு பிடித்தாள்.

இளம் டாக்டர்கள் கை பழக வேண்டும் என்பதில் இங்கே எல்லோருக்கும் சம்மதம்தான், பக்கத்து வீட்டுக்காரர் உடம்பில். நானும் அப்படித்தான் என்பதால் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நல்லபடியாகப் பேசி அவள் மனதை மாற்றுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்,
தங்கை ரோகினி

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் பத்து நாள் மேசையிலேயே கிடந்தது. மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆறு வருடமாக ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்த என் தோள் கட்டியைத் திங்கட்கிழமை எடுத்தாகிவிட்டது. "சொந்தக்காரராச்சே" என்று புனிதாவிடம் கொடுக்கப் பெரிய டாக்டர் தயங்கினார். "மற்றவர்கள் வரவில்லையே டாக்டர்" என்றேன். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், காது மரத்துப்போகவில்லை. நடுவில் அவர், "இப்படிக் குடு" என்று அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. குப்புறப் படுத்தபடியே, வகுப்பில் பேசுகிற குரலில், "அவள் முடிக்கட்டும்" என்றேன். முடித்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆறு தையல். நேற்றுப் புனிதா கட்டு மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தேன். முதலாவது சற்றுக் கோணல். ஆசிரியை ஆயிற்றே, சொல்லிவிட்டேன்.

"அத்தை, அது பெரிய டாக்டர் போட்டுக் காட்டினது" என்றாள்.