நாணயமான நுரையீரல்

மனித நாகரிகத்தின் உச்சி எங்கே என்று இனி யாரும் தேட வேண்டாம். அது ஒரு கல் அறுக்கும் கம்பெனியின் மருத்துவ அறையில், தூசு படாமல் உறை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர்களின் மூக்குக்கு மட்டும் உறை இன்னும் வந்து சேரவில்லை.

அது மூச்சைச் சோதிக்கும் இயந்திரம். துளி கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, சற்று அடக்கி, ஊத வேண்டும். நல்ல நுரையீரல் அந்த வாயுவில் பெரும்பங்கை ரத்தத்துக்குள் வாங்கிக்கொள்ளும். கெட்டது, வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும். டாக்டர் இருந்தால் இதைச் சொல்லியிருப்பார். அந்தப் பதவி காலி. எனவே பொறுப்பு ஸ்டோர் மேனேஜருக்குப் போனது. சிலிண்டர் அவரிடம்தானே வருகிறது!

அங்கே கல் அறுக்கும் அறுப்புக்காரர் ஒருவருக்கு நாலு படி ஏறினாலே இரைத்தது. தூசியில்லாத வாசல் காவலுக்கு மாற்றல் கேட்டிருந்தார். இந்தச் சோதனைதான் அதை முடிவு செய்யும். மனைவியும் கூட வந்திருந்தாள்.

“காலைல டிரைவர் ஊதினான்யா,” மேனேஜர் பொருமினார். “கம்பெனி வாயுல பாதிக்கு மேல முழுங்கிட்டான்! மெமோ கொடுத்திருக்கேன்.”

அறுப்புக்காரர் பயந்துகொண்டே இழுத்தார், அடக்கினார், ஊதினார், பிறகு வெகுநேரம் இருமினார்.

மேனேஜர் திரையைப் பார்த்தார். எழுந்து நின்றார். கண் கலங்கியது.

“அண்ணே! கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருக்கு! இப்படியொரு ‘நாணயமான’ நுரையீரலை என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

“அப்ப… மாற்றல்?”

“உங்களையா? உங்களை மாதிரி ஆளை நம்பித்தானே அறுப்புக்கூடமே ஓடுது! வாசலுக்கு அந்த டிரைவரைத் தூக்கிப் போடறேன். வெயில்ல நிக்கட்டும், திருட்டுப் பய.”

அறுப்புக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக் கிளம்பினார். பேசுவதற்கும் மூச்சு வேண்டுமே.

அடுத்த வாரம் அவருக்குப் பாராட்டு விழா. மேடைப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார். ‘பணிவு’ என்று கைதட்டினார்கள். முதலாளியே சால்வை போர்த்தி, மைக்கை நீட்டினார்.

“உங்க நேர்மையோட ரகசியத்தை நாலு பேருக்குச் சொல்லுங்க.”

அறுப்புக்காரர் வாயைத் திறந்தார். விசில் சத்தம்தான் வந்தது. மனைவி மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“ஐயா, பொய் சொல்லக் கூடாது. ஒண்ணே ஒண்ணை மட்டும் இவர் இன்னும் திருப்பிக் கொடுக்கல. இத்தனை வருஷமா நீங்க கொடுத்த கல்தூசி. பத்திரமா உள்ளேயே வச்சிருக்கார். எப்ப வந்து எடுத்துக்கறீங்க?”