சாட்சியும் பார்சல் சாரும்

செங்கல்பட்டு ஜில்லாவில் உள்ள அத்தனை குன்றுகளையும் சந்தேகப்பட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பார்சல் சார்தான். அவர் ஏறாத குன்று கிடையாது. நம்பிய குன்றும் கிடையாது.

ரயில்வே பார்சல் ஆபீசில் உத்தியோகம், அதனால் பார்சல் சார். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்றுதான் பதில் வந்திருக்கும். இருபது வருஷம் அடுத்தவர் மூட்டையை மோந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்ட பழக்கம். கூடைக்காரியிடம் வெண்டைக்காய் வாங்கினால் அதையும் காதருகே வைத்து ஆட்டுவார். தபால்காரர் கவர் கொடுத்தால் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குத்தானா?" என்பார்.

"உங்க பேர்தானே சார் போட்டிருக்கு?"

"பேர் யார் வேணும்னாலும் போடலாம்."

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவருடைய நாய். பழுப்பு நிற நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடங்கிக் கிடக்கும். பெயர் சாட்சி.

"டைகர், மணின்னு வைக்காம ஏன் சார் இப்படி ஒரு பேரு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாத்தது யாருன்னு கேப்பாங்க. ஒருத்தராவது வேணும்ல?"

நான் அப்போது அவர் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தேன். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகாதவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லாதவன். அந்த ஜன்னலில் நான் வாராவாரம் பார்த்த காட்சி இது: பார்சல் சார் சர்ச்சில் முதல் ஆராதனை முடித்துவிட்டு வருவார். கடைசி பெஞ்சில்தான் உட்காருவார், வாசலில் இருக்கும் நாயின் மேல் ஒரு கண் வைக்கத் தோதாக. ஏழு மணிக்கெல்லாம் காக்கி அரை டிராயர், கையில் குடை, தோளில் பை சகிதம் சாட்சியோடு கிளம்பிவிடுவார். சாயங்காலம் முழங்கால் வரை செம்மண், சட்டையெல்லாம் முள்ளாகத் திரும்பி வருவார்.

எங்கே போனார் என்று கேட்டால், "சும்மா, மலைக்கு" என்பார்.

அந்தச் 'சும்மா'தான் தெருவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் மலை ஏறுகிறவன் ஒன்று சாமி கும்பிட ஏறுவான், இல்லாவிட்டால் விறகு வெட்ட ஏறுவான். நாயைக் கூட்டிக்கொண்டு சும்மா ஏறி, சும்மா இறங்குகிற ஆளை யார் கண்டது? மதுவிலக்கு அமலில் இருந்ததால், காட்டுக்குள் சாராயம் காய்ச்சுகிறார் என்றது ஒரு கட்சி. புதையல் தேடுகிறார், நாய் மோப்பம் பிடிக்கிறது என்றது இன்னொரு கட்சி. பாகிஸ்தான் யுத்தம் வந்ததும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. தாம்பரத்தில் விமானத்தளம் இருக்கிறது. குன்றின் மேல் ஏறினால் விமானத்தளம் தெரியும். அப்புறம் என்ன?

எங்கள் தெருவின் மனசாட்சியாக ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் இருந்தார். ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்லை டீச்சர்."

"அப்போ அவர்கூடப் போங்க. என்ன பண்றார்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. தேசத்துக்குச் செய்யற சேவையா நினைச்சுக்குங்க."

தேசத்துக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவர் வாசலில் போய் நின்றேன். "நானும் வரட்டுமா சார்?"

மேலும் கீழும் பார்த்தார். "ஏன்?"

"சும்மாதான்."

அவர் சொல்லும் அதே பதிலை நான் சொன்னதும் அவரால் மறுக்க முடியவில்லை. "சாட்சி சொல்லட்டும்" என்றார். சாட்சி என் கால், வேட்டி, கை எல்லாவற்றையும் இரண்டு நிமிஷம் நிதானமாக மோந்துவிட்டு, என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. "சரி, வாங்க."

அன்று வண்டலூர்க் காடு. நாயை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள், ரயிலில் கார்டு வண்டியில் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவார்கள் என்பதால் நடைதான். வழியில் ஒரு டீக்கடையில் நாய்க்குத் தண்ணீர் கேட்டார். கடைக்காரர் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தார். பார்சல் சார் அதை எடுத்து, முதலில் தான் ஒரு வாய் குடித்தார்.

"இன்னா சார், நாய்க்கு வெச்ச தண்ணிய நீ குடிச்சினு கீறே?"

"எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"அட, என் கெணத்துத் தண்ணி சார்! நான் தெனம் குடிக்கறதுதான்!"

"அதான் உங்க கண்ணு மஞ்சளா இருக்கு."

கடைக்காரர் கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "காலங்காத்தால பேஜாரு பண்ண வந்துட்டாரு பாரு!" நாங்கள் மூவரும் வேகமாக நடந்தோம்.

காட்டுக்குள் ஒரு சுனையில் அவர் சாட்சியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் எட்டிப் பார்த்தது. எடுத்துப் பிரித்தேன். முத்து முத்தான கையெழுத்து. "பச்சைமலை. கிழக்குச் சரிவில் எதிரி இருவர். மிரட்டியும் போகவில்லை." அதற்குக் கீழே, "மூன்றாவது பாறை: பத்து மணிக்கு முன் கடக்கவும். பிறகு ஆபத்து." அதற்கும் கீழே, "சாட்சி மூன்று இடங்களில் அடையாளம் வைத்தாயிற்று."

சுனைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் முதல் வேலையாக டீச்சரிடம் போய் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "கர்த்தாவே!" என்றார்.

அடுத்த ஞாயிறு சானடோரியம் பக்கம் பச்சைமலைக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை அவரே என்னைக் கூப்பிட்டார். அடிவாரத்தில் சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள்கள் இருவர் காத்திருந்து, எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் டீச்சரின் பழைய மாணவராம்.

ஸ்டேஷனில் அந்த இளம் சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். "எதிரி இருவர்னு எழுதியிருக்கீங்களே, யார் அது?"

"கறுப்பு ஒண்ணு, செவலை ஒண்ணு."

"பேரு?"

"பேர் கேக்கற அளவுக்கு நெருங்க விடலை சார்."

"விளையாடாதீங்க. கேஸ் எழுதினேன்னா ரயில்வே வேலை போயிடும், தெரியுமில்ல? நீங்க மலைக்குத் தப்பா எதுக்கும் போகலைங்கறதுக்கு சாட்சி இருக்கா?"

"இருக்கே. வாசல்ல கட்டியிருக்கேன்."

ஒரு கான்ஸ்டபிள் பதறிப்போய், யாரைக் கட்டி வைத்திருக்கிறார் என்று பார்க்க வாசலுக்கு ஓடினார்.

அப்போது பார்சல் சார் மேஜைமேல் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க சார். யாரோ வேண்டாதவன் என்மேல சொல்லியிருக்கான், அது தெரியுது. இந்தத் தம்பியை மட்டும் விட்டுடுங்க. சூது வாது தெரியாத புள்ளை."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தகவல் யார் மூலமாக வந்தது என்று அவருக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை.

"எழுதினது எல்லாம் நாய்க்காக சார்" என்றார் பார்சல் சார். "மெட்ராஸ்ல நாய் வெச்சிருக்கவன் எங்க போவான்? பீச்சுல விரட்டறாங்க, பார்க்குல விரட்டறாங்க. இங்க இத்தனை குன்று கெடக்கு. எங்க நிழல், எங்க தண்ணி, எங்க கால் சுடும்னு ஒருத்தன் எழுதி வைக்க வேண்டாமா? நம்பலைன்னா வந்து பாருங்க."

சந்தேகம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் உடனே தொப்பியை மாட்டிக்கொண்டு, நோட்டும் கையுமாகக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது பாறைக்கு வந்தபோது மணி பதினொன்று. "கையை வெச்சுப் பாருங்க" என்றார் பார்சல் சார். சப்-இன்ஸ்பெக்டர் வைத்தார். "ஐயோ!" என்று எடுத்தார். பார்சல் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பாறையின் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்து, கொஞ்சம் ஆறியிருந்த ஒரு வழியாகச் சாட்சியை நடத்திக்கொண்டு போனார். வாராவாரம் அப்படித்தான் செய்வாராம். அவர் பாதத்தில் காய்த்துப்போயிருந்த பழைய கொப்புளங்களை அன்றுதான் பார்த்தேன்.

கிழக்குச் சரிவில் இறங்கியதும் எதிரி இருவரும் வந்தார்கள். ஆட்டுக்காரருடைய காவல் நாய்கள். கறுப்பு ஒன்று, செவலை ஒன்று. பாய்ந்து வந்த வேகத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பாறை உச்சிக்குப் போய்விட்டார். நான் அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தேன். நம் சாட்சி பிறழ்ந்து, பார்சல் சாரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"ஏய்! போ! போலீஸ்!" என்று லத்தியை ஆட்டினார் சப்-இன்ஸ்பெக்டர். இரண்டும் இன்னும் கிட்டே வந்தன. "சார், நீங்க எழுதினது சரிதான் சார்! மிரட்டியும் போக மாட்டேங்குது!"

"அடுத்த பக்கம் பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் புரட்டி உரக்க வாசித்தார்: "குடையை விரிக்கவும்."

பார்சல் சார் குடையைப் படக்கென்று விரித்தார். கறுப்பும் செவலையும் போன இடம் தெரியவில்லை.

அடையாளம் வைத்த மூன்று இடங்களைச் சாட்சி தானாகவே போய், ஒவ்வொன்றிலும் காலைத் தூக்கிக் காட்டிக்கொடுத்தது. அத்துடன் விசாரணை முடிந்தது. அடிவாரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பித் தராமல் தயங்கினார். "சார், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. வெளிய கூட்டிட்டுப் போக இடமே இல்லை. ரெண்டு பக்கம் காப்பி எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?" என்றார் பார்சல் சார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டருகே நான் நின்றேன். "சார், வேண்டாதவன் யாரும் சொல்லலை. டீச்சர்கிட்ட நோட்டைப் பத்திச் சொன்னது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதருக்கு இது மட்டும் தெரிந்திருக்கவில்லை. கேட் திறந்ததும் சாட்சியோடு முன்னால் நடந்து போய்விட்டார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் உட்கார்ந்து அவர்கள் இருவரும் போவதைப் பார்த்தேன். சாட்சி மட்டும் என் மாடிப்படியருகே ஒரு நிமிஷம் நின்று பார்க்கும். அவர் நிற்க மாட்டார்.

ஐந்தாவது ஞாயிறு கதவு தட்டப்பட்டது.

"நன்மங்கலம் காட்டுக்குப் போறோம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "உங்களை நம்பி வரலை. அது படியை விட்டு நகர மாட்டேங்குது. என்ன பண்றது?"

நன்மங்கலத்தில் ஒரு செங்குத்தான மேட்டில் அவர் காலில் முள் ஏறிவிட்டது. உட்கார்ந்தார். ஒரு கணம் யோசித்தார். அப்புறம் சாட்சியின் கயிற்றை என் பக்கம் நீட்டினார். "பிடிங்க." அதுவரை அதை அவர் யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. முள்ளை எடுத்து, செருப்பை மாட்டி எழுந்தவர் கயிற்றைத் திருப்பிக் கேட்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். தாம்பரம் வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் கயிற்றை விட்டபோது என் விரல்கள் நீட்ட வராமல் மரத்துப் போயிருந்தன. அதற்கப்புறம் எத்தனையோ பேர் என்னை நம்பி எதையெதையோ ஒப்படைத்திருக்கிறார்கள். எதையும் நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.