ஒரு கரண்டி காலுக்கு, ஒரு கரண்டி மூளைக்கு

ஒரு பெண்ணை நினைத்து ஏங்கினால் நெஞ்சு வலிக்கும் என்றுதான் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கெண்டைக்கால் வலித்தது.

காரணம் சைக்கிள். எண்பதுகளின் தொடக்கத்தில் நிந்தவூரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் ஸபீனா. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை பெண்ணோடு கதைப்பது அப்போது எங்கள் பக்கம் நடக்காத காரியம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் குடியேற வேண்டும். பெண் வீட்டார் தங்கள் வளவிலேயே அவளுக்கெனக் கட்டிய அந்தப் புது வீடோ கூரையில்லாமல் நின்றது.

கூரை வேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்னேரங்களில் மருதமுனையிலிருந்து கடற்காற்றை எதிர்த்து மிதிப்பேன். (கூரையை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை.) வேலிக்கு மேலால் கொடியில் ஒரு நீல முக்காட்டுத் துணி தெரியும். அதைப் பார்த்து உருகிவிட்டுத் திரும்புவேன். அது மாமியுடையது என்று பிறகுதான் தெரிந்தது.

இப்படி மிதித்ததில் படுத்தால் கால் இழுத்துப் பிடிக்கும். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சான் றவூப் ஒரு போத்தல் வெள்ளைத் தூளோடு வந்தான்.

"மெக்னீசியம் மச்சான். அங்க எங்கட முதலாளியே குடிக்கிறார். கால் பிடிப்புக்கும் நல்லம், மூளைக்கும் நல்லம்."

"எவ்வளவு குடிக்கிற?"

"போத்தல்ல எழுதிக் கிடக்கு. நீதானே நல்லா ஓதுற ஆள், வாசி பாப்பம்."

வாசித்தேன். சின்ன வயதில் லெப்பையின் பிரம்புக்குப் பயந்து குர்ஆன் ஓதப் பழகிய எனக்கு அரபு எழுத்தை வாசிக்க வரும், பொருள்தான் வராது. மேலும் கீழும் உயிர்க்குறிகள் இல்லாத அந்த லேபலுக்கு நானே குறி போட்டு, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அழகாக ஓதி முடித்தேன். உம்மா பக்தியோடு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எவ்வளவு குடிப்பது என்பது மட்டும் எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை.

நானே ஒரு கணக்குப் போட்டேன். காலுக்கு ஒரு கரண்டி, மூளைக்கு ஒரு கரண்டி.

மூளைக்கும் தேவை இருந்தது. பெருநாள் சாப்பாட்டுக்குப் பெண் வீட்டார் அழைத்திருந்தார்கள். ஒரு திரைக்குப் பின்னால் இருந்தாவது அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்வதற்கு ஒரு வசனமும் பாடமாக்கியிருந்தேன்: "உங்கட ஊர்க் காத்து எண்ட மனச இஞ்ச கொண்டு வந்திட்டு." (சிரிக்காதீர்கள். அந்த வயது அப்படி.)

பெருநாள் பகல்தான் முதல் தடவையாக இரண்டு கரண்டியையும் குவியலாக அள்ளிக் கரைத்துக் குடித்துவிட்டு, றவூப்போடு புறப்பட்டேன். சாய்ந்தமருதைத் தாண்டும்போது வயிறு மெதுவாக ஏதோ கேட்டது. காரைதீவில் அதையே சத்தமாகக் கேட்டது.

நிந்தவூரில் பாய் விரித்து, சோறும் இறைச்சியும் குவித்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருத்தினார்கள். மாமா என் பக்கத்தில்.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?"

"வெக்கை மாமா."

"சாப்பிடுங்க. கூச்சப்படக்கூடாது."

கூச்சமா? கக்கூசு இருந்தது வளவின் கடைசியில். போகும் வழி குசினி. அடுப்படி முழுக்கப் பெண்கள். கலியாணம் ஆகாத மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலை நீட்டினாலே ஊர் கதைக்கும். றவூப்பின் காதில் மெதுவாகச் சொன்னேன். பாவி, வெளிநாட்டில் மெதுவாகக் கதைக்க மறந்துவிட்டிருந்தான்.

"பொம்புளையள் கொஞ்சம் உள்ளுக்குப் போங்க! மாப்பிள்ளைக்கு அவசரம்!"

எழுந்து ஓடினேன். குசினி வாசலைத் தாண்டியதும் கெண்டைக்கால் இறுகப் பிடித்தது. எந்தக் காலுக்காகக் குடித்தேனோ அதே கால்! மற்றக் காலால் துள்ளித் துள்ளி வளவைக் கடந்தேன். ஜன்னல்களுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின.

உள்ளே போய் நிம்மதி வந்த பிறகுதான் பார்த்தேன்: வாளி வெறுமை. கூப்பிட வெட்கம். இருமினேன். திரும்பவும் இருமினேன். கிணற்றில் கப்பி சுழலும் சத்தம். பிறகு கிடுகு மறைப்புக்கு வெளியே ஒரு குரல்:

"வாளி நிறைச்சு வெச்சிரிக்கன். ஆறுதலா எடுங்க."

அவள்தான். தூரத்தில் ஒரு குமரி, "எலுவா ஸபீனா, நீயா போனாய்!" என்று சிரித்தாள். மாதக்கணக்காக நான் சைக்கிள் மிதித்தது இந்தக் குரலுக்காக. பாடமாக்கிய வசனத்தைத் தேடினேன். மூளைக்குக் குடித்த கரண்டியும் வயிற்றுக்கே போயிருந்தது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"இன்னொரு வாளி கிடைக்குமா?"

வெளியே ஒரு சிரிப்பு. முக்காட்டுத் துணியை வாயில் திணித்தும் அடங்காத சிரிப்பு.

நான் வெளியே வந்தபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. இரண்டாவது வாளி மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் இருண்டிருந்தது. நோய் பிடித்த வருத்தக்காரப் பிள்ளைக்கா மகளைக் கொடுக்கிறோம் என்ற யோசனை. வீடு திரும்பும் வழியெல்லாம், கூரை ஏறும், கலியாணம் ஏறாது என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். ஆனால் அங்கே ஸபீனா தாயிடம் சொல்லியிருக்கிறாள்: "வருத்தம் ஒண்டும் இல்ல உம்மா. பாவம், வெக்கத்தில அடக்கிக்கு இருந்திருக்கார். எனக்கு இவர்தான்."

கலியாணம் முடிந்த கிழமை அந்தப் போத்தலை அவளிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் அரபு படித்தவள். வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "மலச்சிக்கலுக்கு. படுக்கப் போகக்குள்ள ஒரு தேக்கரண்டி!"

அதன் பிறகு நான் கொழும்புக்கு வெளிக்கிட்டாலும், ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டாலும், உள்ளிருந்து அந்தக் குரல் வரும்: "வாளி நிறைச்சு வெச்சிரிக்கன்." பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது கால் பிடிப்பு திரும்பி வந்திருக்கிறது. டாக்டர் மெக்னீசியக் குளிசை எழுதித் தந்திருக்கிறார். ஞாபக மறதிக்கும் நல்லதாம். டோஹாவிலிருந்து மகள் கேட்கிறாள்: "குளிசை போட்டீங்களா வாப்பா? வாளி நிறைச்சாச்சா?" சிரிக்கிறோம். பிறகு அவள், ஊரில் மழையா என்று கேட்கிறாள்.

ஸபீனா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு இது மூன்றாவது பெருநாள். குளியலறையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் படுக்கப் போகும் முன் வாளியை நிரப்பி வைக்கிறேன். ஒன்றல்ல, இரண்டு.